மூச்சும் கடிகாரமும்
சடுகுடு ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருமலை நாயக்கர் மதுரையில் ஆண்ட காலத்தில் (1623–1659), ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியில் பூசை முடிந்தது என்று தெரிந்த பிறகுதான் அவர் உணவு கொள்வாராம். பூசை முடிந்ததும் இங்கே மணி அடிக்கும். அது காதில் விழுந்ததும் அடுத்த மண்டபத்தில் இருப்பவர் தம் மணியை அடிப்பார். இப்படி மண்டபத்துக்கு மண்டபம் தாவி ஓசை மதுரைக்குப் போய்ச் சேரும். நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்ல இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கதையின் உண்மையை ஆராய்வது நம் வேலையன்று. ஒரு சிறு கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். தூரம் சுமார் 75 கிலோமீட்டர். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். அப்படியானால் ஒலிக்கு மட்டும் ஆகும் நேரம் 220 விநாடி. நான்கு நிமிடம் கூட இல்லை. மணியடிப்பவர்கள் தூங்கிவிடாமல் இருந்தால், இலை போடச் சொல்ல அரண்மனையில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

விளையாட்டைப் பற்றி எழுத வந்தவன் மணியைப் பற்றிப் பேசுவது ஏன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. நேரம் என்பது எங்கோ ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். அது நமக்குத் தெரியவந்தால்தான் அதைக் கொண்டு நாம் திட்டம் போட முடியும். சடுகுடுவின் கடைசி நிமிடங்களின் வரலாறு முழுவதும், நேரம் யாருக்குத் தெரியும் என்ற இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் படித்த காலத்தில், மைதானம் முழுவதற்கும் ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது. அது உடற்பயிற்சி ஆசிரியரின் கையில் இருந்தது. ஒரு போட்டியில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் தலைவன், "சார், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு சார்?" என்று கேட்டான். அவர் கடிகாரத்தின் மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆடுடா" என்றார். எங்களில் நன்றாகப் பாடுகிறவனை அடுத்த முறைக்கு என்று நிறுத்திவைத்து, ஒரு சின்னப் பையனை அனுப்பினோம். அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். நீண்ட விசில் ஊதிவிட்டது. அடுத்த முறை வரவேயில்லை. அன்று தோற்றது எங்கள் திறமைக் குறைவால்தான் என்று பிறகு பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் உண்மையில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று ஆசிரியரின் கையில். மற்றொன்று பாடிச் செல்பவனின் நெஞ்சுக்குள்.

சடுகுடுவின் ஆதிக் கடிகாரம் மூச்சுதான். வங்காளத்தில் 'ஹாடுடு', மராட்டியத்தில் 'ஹுதுது', ஆந்திரத்தில் 'செடுகுடு' என்று பெயர்கள் வேறுபட்டாலும், எங்கும் விதி ஒன்றே: எதிரியின் எல்லைக்குள் நுழையுமுன் பாட்டைத் தொடங்க வேண்டும், ஒரே மூச்சில் பாட வேண்டும், விட்டுவிட்டால் ஆள் அவுட். இந்த மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்? நன்றாக வளர்ந்த ஓர் ஆண் ஆழமாக இழுத்து முழுவதுமாக வெளியே விடக்கூடிய காற்று ஏறத்தாழ நாலரை லிட்டர். பேச்சொலி எழுப்பும்போது குரல்வளை வழியாக விநாடிக்கு நூறு முதல் இருநூறு மில்லிலிட்டர் காற்று செலவாகும். நடுவாக 150 என்று வைத்து வகுத்துப் பாருங்கள்: 4500 ÷ 150 = 30 விநாடி. அதுவும் நின்ற இடத்தில் நிற்பவனுக்கு. ஓடிக் குதித்து உதைத்துத் திரும்புகிறவனின் தசைகள் கரியமில வாயுவை இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த வாயு மிகும்போது, மூளையின் அடிப்பகுதியிலுள்ள மூச்சு மையம் 'காற்றை இழு' என்று கட்டளையிடும். நுரையீரலில் இன்னும் காற்று மிச்சம் இருக்கும்போதே பாட்டு உடைந்துபோவது இதனால்தான்.

இந்தக் கடிகாரத்தின் தனித்தன்மையைக் கவனியுங்கள். அது ஆளுக்கு ஆள் வேறாக ஓடும். அதில் எவ்வளவு மிச்சம் என்று பாடுகிறவனுக்கு மட்டுமே தெரியும். பிடிப்பவர்கள் குரலின் நடுக்கத்தைக் கேட்டு ஊகிக்கலாம், அவ்வளவுதான். கிராமத்து ஆட்டத்தில் கெட்டிக்காரப் பிடிப்பாளர்கள் கண்ணால் பிடிப்பதைவிடக் காதால்தான் அதிகம் பிடித்தார்கள் என்பது என் கருத்து.

இனி, கைக்கடிகாரம் எப்படி உள்ளே வந்தது என்று பார்ப்போம்.

இந்த ஆட்டத்துக்கு எழுத்து வடிவில் விதிகள் அமைக்கும் வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியப் பகுதியில் நடந்தது. 1923-இல் பரோடாவில் நடந்த அகில இந்தியப் போட்டியில் திருத்திய விதிகளின்படி ஆடினார்கள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் இதை அங்கே ஆடிக் காட்டியது. 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு ஏற்பட்டது.

அந்நாளில் நாட்டில் மூன்று வகை ஆட்டங்கள் வழங்கி வந்தன. 'காமினி' வகையில் அவுட்டானவன் வெளியேதான் நிற்க வேண்டும். எழுவரும் விழுந்தால் ஒரு லோனா. குறித்த எண்ணிக்கை லோனா ஆகும் வரை ஆட்டம் நடக்கும். அதற்குக் காலக்கெடுவே கிடையாது. 'அமர்' வகையில் யாரும் வெளியே போவதில்லை. புள்ளி மட்டும் எண்ணுவார்கள். 'சஞ்சீவனி' வகையில் எதிரணியில் ஒருவன் விழுந்தால் நம் அணியில் ஒருவன் உயிர்பெற்று உள்ளே வருவான். இந்தச் சஞ்சீவனிதான் இன்றைய கபடிக்கு அடிப்படை. ஆடவருக்கு இருபது இருபது நிமிடமாக இரண்டு பகுதி, நடுவில் ஐந்து நிமிட ஓய்வு என்று ஆட்டம் அமைந்தது.

இங்கே ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நிகழ்ந்துவிட்டது. காமினியில் முன்னணியில் இருப்பவன் சும்மா இருந்து வெல்ல முடியாது. கடைசி லோனாவை அவன் எடுத்தே ஆக வேண்டும். காலக்கெடு வைத்த ஆட்டத்தில் நிலைமை வேறு. நாற்பதாவது நிமிடத்தில் ஒரு புள்ளி அதிகம் வைத்திருந்தால் போதும். ஆகவே முன்னணியில் இருப்பவனுக்கு எதிரி இருவர் ஆகிவிடுகிறார்கள்: எதிரணி ஒன்று, நேரம் மற்றொன்று. பின்தங்கியவனுக்கும் அப்படியே. ஒருவன் நேரத்தைக் கொல்லப் பார்க்கிறான். மற்றவன் அதைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

நேரத்தைக் கொல்வது எப்படி? வெகு சுலபம். பாக் கோட்டை ஒருமுறை தாண்ட வேண்டும் என்பது விதி. நடுக்கோட்டிலிருந்து அது 3.75 மீட்டர். முன்னணி அணியின் ஆள் பாடிக்கொண்டே போய், அந்தக் கோட்டைக் காலால் தொட்டுத் தாண்டி, யாரையும் நெருங்காமல் இங்குமங்கும் உலாவிவிட்டு, மூச்சு தீருமுன் திரும்பி வந்துவிடுவான். புள்ளியும் இல்லை, இழப்பும் இல்லை. ஆனால் அரை நிமிடம் போய்விட்டது. பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். ஊர்த் திருவிழாப் போட்டிகளில் இப்படி ஆடியவர்களைப் பார்த்து, "ஏலே, உலாத்த வந்தியா, ஆட வந்தியா?" என்று குரல் எழுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இந்த நோய் சடுகுடுவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1950 நவம்பர் 22 அன்று ஒரு கூடைப்பந்துப் போட்டி நடந்தது. ஃபோர்ட் வெய்ன் அணி, தன்னைவிட வலிமையான மினியாபொலிஸ் அணிக்கு எதிராகப் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தியது. முடிவு 19–18. நாற்பத்தெட்டு நிமிட ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து 37 புள்ளி! பின்னர் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயாசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டமொன்றில் ஓர் அணி சுமார் 60 முறை கூடையை நோக்கி எறியும். இரண்டு அணிக்கும் 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. ஆகவே 24 விநாடிக்குள் பந்தை எறிந்தே ஆக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரிப் புள்ளி ஒரே பருவத்தில் 79-லிருந்து 93-க்கு உயர்ந்தது. ஒரு வகுத்தல் கணக்கு ஒரு விளையாட்டைப் பிழைக்க வைத்தது.

கடைசி நிமிடக் கணக்கைத் தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள். அதன் பெயர் கால்பந்தானாலும் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம் அது. 15 நிமிடமாக நான்கு பகுதி. பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சியில் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஓடுபவன் மைதானத்துக்குள் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். கடைசி நிமிடங்களில் ஓடுபவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்கும். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணி மூன்று முறை ஓய்வு கேட்டு அதை நிறுத்தலாம். பின்தங்கிய அணி எல்லைக்கோட்டோரமாகவே ஆடுவதன் காரணம் இதுதான். 1958 டிசம்பர் 28 அன்று நடந்த இறுதிப் போட்டியில், பால்டிமோர் அணியின் ஜானி யூனிடாஸ் கடைசி இரண்டு நிமிடங்களில் தம் அணியை மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து நடத்திச் சென்றார். ஏழு விநாடி இருக்கும்போது ஆட்டம் 17–17 எனச் சமமாயிற்று. கூடுதல் நேரத்தில் பால்டிமோர் 23–17 என வென்றது.

அங்கே முன்னணி அணி நேரத்தைக் கொல்லும் முறை விசித்திரமானது. பந்தை வாங்கியவன் உடனே ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிடுவான். முயற்சி முடிந்தது. ஆனால் அடுத்த முயற்சியைத் தொடங்க இன்று 40 விநாடி அவகாசம் உண்டு. எதிரணியிடம் ஓய்வு கேட்கும் உரிமை மிச்சமில்லை என்றால், மூன்று முறை முழங்காலிட்டால் 120 விநாடி கரைந்துவிடும். வீரம் இல்லாத வெற்றி என்று ஒரு காலத்தில் இதை இகழ்ந்தார்கள். 1978 நவம்பர் 19 அன்று அந்த இகழ்ச்சி தீர்ந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 17–12 என்று முன்னணியில் இருந்தது. அரை நிமிடமே பாக்கி. பிலடெல்பியா அணிக்கு ஓய்வுரிமையும் தீர்ந்துவிட்டது. முழங்காலை ஊன்றியிருந்தால் முடிந்தது. ஆனால் பந்தை இன்னொருவரிடம் கைமாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கைமாறும்போது பந்து நழுவியது. எதிரணியின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்து 26 கஜம் ஓடிவிட்டார். 19–17 எனப் பிலடெல்பியா வென்றது. அந்த உத்தரவைக் கொடுத்த துணைப் பயிற்சியாளருக்கு மறுநாளே வேலை போயிற்று. அதன்பின் முழங்காலிடுவதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லாரும் பார்க்கும் பலகைக் கடிகாரமே அதிகாரபூர்வமான நேரம் என்று அந்நாட்டின் தேசிய லீக் ஏற்றுக்கொண்டது 1970-இல்தான். அதற்கு முன் உண்மையான நேரம் மைதானத்தில் நின்ற அதிகாரியின் கடிகாரத்தில் இருந்தது. எங்கள் ஆசிரியரின் சட்டைக்கை ஞாபகத்துக்கு வருகிறதல்லவா?

கபடிக்கு வருவோம். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் காட்சி ஆட்டமாக இடம்பெற்ற கபடி, 1990 பீஜிங்கில் பதக்க ஆட்டமாயிற்று. அன்று முதல் 2014 வரை ஏழு முறையும் இந்திய ஆடவரே தங்கம் வென்றனர். 1994 ஹிரோஷிமாவில் வென்ற அணியில் நம் தென்கோடியின் மணத்தி கணேசனும் இருந்தார். 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியது. தொலைக்காட்சியில் உலாத்தும் ஆட்டத்தைக் காட்ட முடியாது. ஆகவே இரண்டு மருந்துகள் தரப்பட்டன. பாடிச் செல்பவருக்கு 30 விநாடி. அது எல்லாருக்கும் தெரியும்படி பலகையில் ஓடும். ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் போனவர் அவுட். இதைத்தான் 'செய் அல்லது செத்துமடி' ரெய்டு என்கிறார்கள். முப்பது விநாடி என்ற எண் நாம் மேலே வகுத்துப் பார்த்த மூச்சுக் கணக்கோடு ஒத்துப்போவது ஓர் அழகான பொருத்தம்.

இவ்விதிகளால் கடைசி நிமிடம் எப்படி மாறியது என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நம் அணி இரண்டு புள்ளி முன்னணி. மீதி 90 விநாடி. பாடும் முறை நம்முடையது. ஒரு ரெய்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை விட்டுவிடுவோம். நம் ஆள் முழுதாக 30 விநாடி எடுத்துக்கொள்கிறார், மீதி 60. எதிரணி ஆள் நிதானமாக 30 விநாடி ஆடினால் மீதி 30. மறுபடி நம் ஆள் 30 விநாடி உலாவுகிறார், ஆட்டம் முடிந்தது. எதிரிக்குக் கிடைத்தது ஒரே வாய்ப்பு. மாறாக, அவர்கள் ஆள் பத்தே விநாடியில் போய்த் திரும்பினால் மீதி 50. நம் ஆளின் 30 போக மீதி 20. இப்போது அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. நேரம் முடியுமுன் தொடங்கிய கடைசி ரெய்டை முடிக்க விடுவது விதி என்பதால், அந்த வாய்ப்பும் முழு வாய்ப்புதான். இருபது விநாடி அவசரப்பட்டதில் வாய்ப்பு இரட்டிப்பாகிவிட்டது!

இனி மூன்றாவது ரெய்டு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 90 விநாடி இருக்கும்போது நம் கணக்கில் வெறும் ரெய்டு எதுவும் இல்லை என்றால், அடுத்த இரண்டும் வெறுமையாகப் போகலாம்; மூன்றாவது வருமுன் விசில் ஊதிவிடும். ஆனால் அதற்கு முன்பே ஒரு வெறும் ரெய்டு போயிருந்தால், 50-ஆவது விநாடியில் தொடங்குவது மூன்றாவது. அப்போது ஒளிந்துகொள்ள இடமில்லை. எனவே கெட்டிக்காரப் பயிற்சியாளர் கடைசி நிமிடத்தைப் பற்றி முப்பத்தேழாவது நிமிடத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். ஒரு போனஸ் புள்ளியோ ஒரு தொடுகையோ எடுத்து அந்த எண்ணிக்கையை அழித்துவைக்கிறார். ஒவ்வொரு பாதியிலும் கிடைக்கும் இரண்டு அரை நிமிட ஓய்வுகளில் ஒன்றைக் கடைசிக்கென்று மடியில் முடிந்துவைக்கிறார். எதிர்ப்பக்கத்துப் பிடிப்பாளர்களோ இரண்டு முறை கை வைக்காமல் விட்டுவிட்டு, மூன்றாவது முறை வருகிறவனுக்காகக் காத்திருக்கிறார்கள். உலாத்துவதை ஒழிக்க வந்த விதியிலிருந்தே இப்படியொரு புதிய பதுங்கல் பிறந்தது. விளையாட்டு விதிகளின் வரலாற்றில் இது புதிதன்று. ஓட்டையை அடைத்தால் எலி வேறு வழி தேடும்.

2022 டிசம்பரில் தமிழ் தலைவாஸ் அணி உத்தரப் பிரதேச அணியுடன் ஆடிய வெளியேற்றுப் போட்டி 36–36 எனச் சமமாக முடிந்தது. பின்னர் அணிக்கு ஐந்து ரெய்டு என்று சமநிலை முறிப்பு நடந்து, 6–4 எனத் தமிழ் அணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது. அந்த ஐந்து ரெய்டுகளில் ஆட்டக் கடிகாரத்துக்கு வேலையில்லை. எண்ணிக்கை முடியும் வரை ஆட்டம் என்பது பழைய காமினியின் வழி அல்லவா!

ஆனால் கடைசி நிமிடத்தின் முழு விளைவையும் காட்டிய போட்டி 2023 அக்டோபர் 7 அன்று சீனத்தின் ஹாங்சோவில் நடந்தது. 2018-இல் அரையிறுதியில் ஈரானிடம் 18–27 என்று தோற்றுத் தங்கத்தை இழந்திருந்த இந்தியா, இப்போது இறுதியில் அதே ஈரானைச் சந்தித்தது. 28–28. மீதி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். இந்தியத் தலைவர் பவன் செராவத் பாடப் போகிறார். அது மூன்றாவது ரெய்டு, வெறுங்கையோடு திரும்ப முடியாது. அவர் யாரையும் தொடாமலே பக்கவாட்டு லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திய ஈரானியர்களும் லாபிக்குள் போய்விட்டார்கள். பழைய விதிப்படி தொடுகையின்றி லாபிக்குள் போன எல்லாருமே அவுட். புதிய விதிப்படி பாடியவர் மட்டும் அவுட். இங்கே எந்த விதி செல்லும்? தீர்ப்பு ஒருமுறை இப்படி, மறுமுறை அப்படி என்று மாறியது. ஆட்டக்காரர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடிகாரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. முடிவில் புள்ளிகள் இந்தியாவுக்கே அதிகமாக வழங்கப்பட்டு, மிச்ச நேரமும் ஆடி முடித்தபோது கணக்கு 33–29. தங்கம் திரும்பி வந்தது. ஈரானியர்களின் மனக்குறை தீர்ந்திருக்காது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரத்தை விநாடி வரை பலகையில் எழுதிக் காட்டினார்கள். எந்த விதியின்படி ஆடுகிறோம் என்பதைத்தான் எல்லாருக்கும் தெரியும்படி எழுதிவைக்கவில்லை.

அடுத்த முறை நம் பக்கத்து ஊர்களில் பொங்கல் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மின்பலகை மினுங்கிக்கொண்டிருக்கும். பையன்களின் கண் அடிக்கடி அதன்மேல் போய் வரும். அதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, கோட்டோரமாக நின்று காதைக் கொடுங்கள். 'கபடி கபடி' என்ற பாட்டை விடாமல் சொல்ல வேண்டும் என்ற விதி இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. இருபதாவது விநாடியைத் தாண்டும்போது அந்தக் குரல் மெலிந்து, சுருதி ஏறி, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். பிடிக்க நிற்பவர்களில் யாராவது ஒருவன் பலகையைப் பார்க்காமல் அந்தக் குரலைக் கேட்டுக் காலை முன்னே வைக்கிறானா என்று கவனியுங்கள்.